பெயர் சொல்ல விரும்பாத சகோதரி

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். லெந்துத் தவக்காலம் தொடங்கிவிட்டது. இனி ஈஸ்டர் வரை வீட்டில் மீன் இல்லை, கறி இல்லை. மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் என்று ஆலயத்தில் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு முறை மார்ச் 24, வெள்ளி. இவர் சபைக் கமிட்டியில் இருப்பதால் வெள்ளிக்கிழமையாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். இன்று ஆராதனையில் வேதபாடம் வாசித்ததும் இவர்தான். இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போடும் ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு உருக்கமான குரல். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், "துரைசிங் அண்ணன் வாசிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றார்கள்.

பால், தேங்காய், புளி, மெழுகுவர்த்தி: 164. மீதிச் சில்லறையை லெந்துப் பெட்டியில் போட்டேன்.

பிப்ரவரி 25, சனி

கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது பக்கம் அடி. காதுக்குள் யாரோ மாவு சலிக்கிற மாதிரி இரைச்சல்.

பெனினா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பார்வை மட்டும் பெரிய மனுஷி பார்வை.

"கிணத்தடி காஞ்சுல்லாம்மா கெடக்கு."

"சோப்புத் தண்ணி கெடந்துச்சு."

சாயங்காலம் இவர் திராட்சை வாங்கி வந்தார். கறுப்புத் திராட்சை, எனக்குப் பிடித்தது. கழுவி அவரே தட்டில் வைத்துக் கொடுத்தார். தின்றேன். மெல்லும்போது காது வலித்தது.

பிப்ரவரி 27, திங்கள்

இரைச்சல் நிற்கவில்லை. இவரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் பார்த்துவிட்டுச் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். மருந்து விடும் அறையில் நர்ஸ் இவரிடம், "சார், இந்தச் சீட்டுல முத்திரை வாங்கிட்டு வாங்க" என்று வெளியே அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாரு அடிச்சா?"

"விழுந்துட்டேன் சிஸ்டர்."

"விழுந்தவங்களுக்கு முட்டி, முழங்கை செராய்ச்சிருக்கும். ஒங்களுக்குக் காது மட்டும் கிழிஞ்சிருக்கு."

அவர் பஞ்சை உருட்டியபடியே, "நூத்தி எம்பத்தொண்ணு. மூணே நம்பர். காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க. பொம்பளைங்கதான் பேசுவாங்க" என்றார். இவர் திரும்பி வந்ததும், "தண்ணி படாம பாத்துக்கோங்க" என்று குரலை மாற்றிக்கொண்டார்.

வழியில் இவர் கேட்டார்: "என்ன சொன்னா?"

"தண்ணி படாம பாத்துக்கச் சொன்னாங்க."

பொய் இல்லை. அதையும் சொன்னார்தானே.

மார்ச் 3, வெள்ளி

பெனினாவின் மேல் கை பட்டுவிட்டது. கணக்கில் மார்க் குறைவாம். நான் குறுக்கே போவதற்குள் பட்டுவிட்டது. பிள்ளை அழவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

இன்று கணக்கு எழுத மனம் வரவில்லை.

மார்ச் 6, திங்கள்

காதுக்கு மருந்து விடப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்றே அந்த எண்ணுக்குப் பேசினேன். பெண்களுக்கான உதவி மையம் ஒன்று அதே ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் இருக்கிறதாம். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் போயிருக்கிறேன், பலகையைப் படித்ததில்லை.

உள்ளே பேச்சியம்மாள் மேடம் என்று ஒருவர். என் வயதுதான் இருக்கும். சேலையில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது, அவசரமாகக் கிளம்பி வந்திருப்பார். எழுதும் முன்னால் தண்ணீர் கொடுத்தார்.

"அஞ்சாவதோட படிப்ப நிறுத்திட்டாங்க மேடம். சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. அவரை ஜெயில்ல போடணும்னு வரல."

"ஜெயில்ல போடறது அப்புறம். முதல்ல நீங்களும் பிள்ளையும் அடி படாம இருக்கணும். அதுக்குத்தான் இந்த இடம். அஞ்சு நாள் இங்கயே தங்கலாம், பிள்ளையோட. பாதுகாப்பு அலுவலர் மூலமா மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடுவோம். வக்கீலுக்குச் செலவு கிடையாது. அந்த வீடு அவர் பேர்ல இருந்தாலும் அதுல இருக்க ஒங்களுக்கு உரிமை இருக்கு."

"வீட்டை விட்டு வந்துட்டா உரிமை போயிடாதா?"

"போகாது. அப்படிச் சொல்லித்தான் நெறைய பேரு உள்ளயே கெடக்காங்க."

இவர் சரக்கெடுக்க மதுரை போகும் நாள் வருகிற 17, வெள்ளி. பெனினா பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். கிளம்பும்போது மேடம் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "ஒண்ணு கேட்டுக்கோங்க. வெளிய வரப்போறோம்னு தெரிஞ்சுட்டா அந்தச் சமயந்தான் ரொம்ப ஆபத்து. அம்மா, அக்கா, தங்கச்சி, யாருகிட்டயும் சொல்லாதீங்க."

எனக்கு அம்மா இல்லை. கூடப் பிறந்த அக்காவும் இல்லை. தலையாட்டினேன்.

மார்ச் 8, புதன்

ஹில்டா அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். சபைப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது முதலில் பேசியவள். பெனினா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் தரையில் படுத்தவள். கடவுளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக வைத்துக்கொள்ள நான் எண்ணினேன். ஆனால் மனுஷப் பிறவி ஒருத்தியாவது எனக்காகக் கர்த்தரிடம் மன்றாட வேண்டாமா? தனியாக முழங்காலில் நின்று நின்று என் சத்தம் எனக்கே சலித்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். காது, பிள்ளை, பதினேழாம் தேதி. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏட்டி மலரு, இவ்வளவையும் வச்சுக்கிட்டா சங்கத்துல சிரிச்சுக்கிட்டு இருந்த?"

"யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"எங்க வீட்டுக்காரவுககிட்டகூடச் சொல்லமாட்டேன். ஜெபத்துல வச்சுக்கிடுதேன். நீ நிம்மதியா போ."

நிம்மதியாக வந்தேன். வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டு ஒன்று தானாக வாயில் வந்தது.

மார்ச் 11, சனி

சபைக்கு வாட்ஸப்பில் ஒரு குரூப் இருக்கிறது. லெந்து ஜெபச் சங்கிலி என்று பெயர். ஒவ்வொரு நாளும் ஹில்டா அக்கா ஒரு ஜெபக் குறிப்பு போடுவாள். ஒரு வீட்டார் ஜெபித்து ஆமென் என்று போட்டதும் அடுத்த வீட்டார் ஜெபிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் எல்லாரும் அதில் உண்டு. இவரும் உண்டு.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு இவர் போனை எடுத்தார். "இன்னைக்கு நம்ம முறைல்லா" என்று வாசித்தார். ஆலயத்தில் வாசிக்கிற அதே குரல்.

"பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக. கணவர் சபைப் பொறுப்பில் உள்ளவர். கோபத்தில் கை நீட்டியதில் சகோதரிக்கு இடது காது பாதிக்கப்பட்டுள்ளது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளையும் அழைத்துக்கொண்டு 17ஆம் தேதி வீட்டை விட்டுப் போக எண்ணியுள்ளார். குடும்பம் உடையாதபடிக்குக் கர்த்தர் அந்தச் சகோதரியின் மனதை மாற்ற உருக்கமாய் ஜெபிப்போம்."

கீழே வரிசையாக ஆமென், ஆமென், ஆமென். கைகூப்பும் படங்கள்.

நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்தேன். தட்டு கையில்தான் இருந்தது. கீழே போடவில்லை.

"பாவம், யாரோ ஒரு சகோதரி" என்றார் இவர். "வா மலரு. நாமளும் ஜெபிப்போம். பெனினா, நீயும் வா."

மூவரும் முழங்காலில் நின்றோம். என்னை ஜெபிக்கச் சொன்னார். அந்தச் சகோதரியின் மனதை மாற்றும் என்று நான் ஜெபித்தேன். இவர் "ஆமென்" என்று சொல்லிவிட்டுப் போனில் தட்டினார். பிறகு பெனினாவை அவள் அறைக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மார்ச் 14, செவ்வாய்

இரண்டு நாள் எழுதவில்லை. விரல்கள் கிரைண்டரில் மாட்டிக்கொண்டன. பெனினா மாவாட்டுகிறாள்.

என் போன் பழுதாம். சரி பண்ணக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். வெளிக் கேட்டுக்குப் புதுப் பூட்டு. கடையில் இருப்பதிலேயே விலை கூடின பூட்டு, போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் அவரே. மதுரைக்குச் சரக்கெடுக்க இந்த மாதம் ஆளை அனுப்புகிறாராம்.

அக்கம் பக்கத்தில் எல்லாரும், "துரைசிங்குக்குப் பிள்ள மேல எவ்வளவு பாசம்!" என்கிறார்களாம். பெனினா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் வீங்கின விரலில் எண்ணெய் தடவினாள்.

மார்ச் 15, புதன்

மத்தியானம் இவர் சாப்பிட வந்திருந்தபோது ஹில்டா அக்கா வந்தாள். இவரே கேட்டைத் திறந்து, "வாங்கக்கா, ஒங்க தங்கச்சி அடுப்படில இருக்கா" என்று உள்ளே விட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

நான் மெதுவாகத்தான் கேட்டேன். "ஏங்க்கா?"

"பேரு போடலியேட்டி!"

"இடது காது போட்டீங்க. ஒம்பதாங் கிளாஸ் போட்டீங்க. தேதி போட்டீங்க."

"விவரம் சொல்லாம எப்படி ஜெபிக்க? குறிப்பா ஜெபிச்சாத்தான பதில் வரும்?" என் விரலைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். "பாரு, நீ வீட்டை விட்டுப் போகல. கர்த்தர் கேட்டுட்டாரு பாத்தியா?"

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். பொய் சொல்கிறவள் முகம் எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாகக் கண்ணாடியில் பார்க்கிறேன். அக்கா முகம் அப்படி இல்லை. தெளிந்த முகம். எனக்காகப் பட்டினி வேறு கிடந்திருக்கிறாள், உதடு காய்ந்திருந்தது.

அடித்தவர்மேல் வராத ஆத்திரம் எனக்கு அப்போது வந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு எப்போதும் சர்க்கரை கூட வேண்டும். அதையும் மறக்காமல் போட்டேன். அதில்தான் என்மேலேயே எனக்குக் கோபம்.

மார்ச் 17, வெள்ளி

போக வேண்டிய நாள். பூசணிக்காய்க் கூட்டு வைத்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகர் எங்கள் இருவரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். ஹில்டா அக்காவும் நின்றாள்.

"அம்மா, குடும்ப விஷயம் நாலு சுவத்துக்குள்ள இருக்கணும். ஆபீஸ் ஆபீஸா ஏறினா சபைக்கும் பேரு கெடும்லா. பெரிய வெள்ளிக்கு முந்தி ஒருத்தருக்கொருத்தர் மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாயிருங்க."

மன்னிப்பை முதலில் நான் கேட்க வேண்டும் என்றார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கேட்டேன். "மன்னிச்சிட்டேன்" என்றார் இவர். போதகர் ஜெபித்தார். இவர் அடிக்கலாமா கூடாதா என்று அந்த அறையில் ஒரு வார்த்தை இல்லை. அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 23, வியாழன்

நாளை நம் வீட்டில் கூட்டம். முதல் பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் வருவார்களாம். விரிப்புகளைத் துவைத்தேன். கொண்டைக்கடலை ஊறப் போட்டேன். பெனினா பள்ளிக்கூடத்தில் யாருடனும் பேசுவதில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியிருக்கிறார். இவர் அதைக் கேட்டுவிட்டு, "நாளைக்குக் கூட்டம் முடியட்டும், ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு முடிவு கட்டுதேன்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

மார்ச் 25, சனி

மையத்தில் இருந்து எழுதுகிறேன். பெனினா பக்கத்தில் தூங்குகிறாள். நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நாலு மணிக்கே பெண்கள் உதவிக்கு வந்தார்கள். கேட் திறந்தே கிடந்தது, ஆனால் இவர் வாசலிலேயே நாற்காலி போட்டு வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். பெனினாவைத் தம் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். அடுப்படியில் தேங்காய் துருவ வந்தவள் ஜெர்லின். இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் கல்யாணமாகி வந்த பெண். சங்கத்தில் இன்னும் அவளை நம்பித் தேங்காய்க்கு மேல் வேலை கொடுப்பதில்லை.

நான் அவளிடம், "ஒங்க போனைக் கொஞ்சம் தாரியளா?" என்றேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. போன் பூட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நான் நல்லா சத்தமா துருவுதேன் அக்கா" என்றாள்.

குளியலறையில் நின்று அந்த மூன்று நம்பருக்குப் பேசினேன். பேச்சியம்மாள் மேடத்தையே இணைத்துக் கொடுத்தார்கள். "எங்க போயிட்டீங்க? போன் போட்டா போகவே இல்லையே!" என்றார். "வண்டி ஒரு கேஸுக்கு வெளிய போயிருக்கு. வந்ததும் போலீஸோட வாரோம். நேரமாகும். அதுவரைக்கும் கூட்டத்தோட இருங்க. ஆளுக கலைஞ்சு போயிரக் கூடாது, நீங்க அவரோட தனியா மாட்டிரக் கூடாது."

கூட்டத்தில் யாரிடமாவது சொல்லலாமே என்று தோன்றும். அந்தக் குறிப்பைப் படித்து ஆமென் போட்டவர்கள்தான் அத்தனை பேரும்.

கூட்டம் ஆரம்பித்தது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் விரிப்பில். பாட்டு ஆயிற்று. வேதபாடம் இவர் வாசித்தார். போதகர் பேசினார். பிறகு எல்லாரும் கண்ணை மூடிச் சுற்று ஜெபம். ஒவ்வொருவராக ஜெபித்து, கடைசியில் வீட்டுக்காரி ஜெபிக்க வேண்டும். அவள் ஆமென் சொன்னதும் போதகர் ஆசீர்வாதம் கூறுவார், சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

என் முறை வந்தது. வண்டி வரவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம். ஜெபத்தை யாரும் நடுவில் நிறுத்தமாட்டார்கள். கொசு கடித்தாலும் ஆமென் வரும்வரை அடிக்கமாட்டார்கள். நான் ஜெபிக்க ஆரம்பித்தேன்.

மழைக்காக ஜெபித்தேன். ஆள்கிறவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, கடலில் இருப்பவர்களுக்காக, எல்லையில் நிற்கும் ராணுவத்தாருக்காக ஜெபித்தேன். சபையில் வீடு வீடாகப் போனேன். முழங்கால் வலிக்காரர்கள், சர்க்கரை நோய்க்காரர்கள், வரன் அமையாதவர்கள், மேற்கே வீடு கட்டி நிலை வைத்தவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தேன். யாரோ பெருமூச்சு விட்டார்கள். "சுண்டல் ஆறிப் போகும்லா" என்று ஒரு முணுமுணுப்பு. இவர் தொண்டையைச் செருமி, "ஆமென், ஸ்தோத்திரம்!" என்றார் பலமாக. முடித்துவைக்கப் பார்த்தார். எல்லாரும் பழக்கத்தில், "ஸ்தோத்திரம்" என்றார்கள். நான் நிறுத்தவில்லை.

ஊரில் ஜெபிக்க ஆள் தீர்ந்துவிட்டது. நான் மட்டும்தான் பாக்கி.

"ஆண்டவரே, நான் கிணற்றடியில் வழுக்கி விழவில்லை" என்றேன்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"என் விரல் கிரைண்டரில் மாட்டவில்லை. உமக்குத் தெரியும், நீர் பார்த்தீர். கதவு நிலையில் என் கையை வைத்து அவர் கதவைச் சாத்தினார். மூன்றாம் தேதி என் பிள்ளையை அறைந்தார். அடித்துவிட்டுத் திராட்சை வாங்கித் தந்தார், அதையும் நான் தின்றேன். எனக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லி நான் போகிற நாளை அவருக்கே சொல்லிக்கொடுத்தார்கள். கல்யாணமானதில் இருந்து நடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக இப்போது உம்மிடம் சொல்கிறேன்."

சொன்னேன். எந்த வருஷம், எந்த அறை, கையில் என்ன இருந்தது, அடுத்த நாள் நான் யாரிடம் என்ன காரணம் சொன்னேன். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு எதுவும் மறக்காது. ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தேன். இவர் கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றி நரம்பு புடைத்திருந்தது. ஆனால் எழுந்திருக்க முடியாது. சுற்றிலும் கமிட்டிக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்போது ஒரு குரல் பாட்டெடுத்தது. கூட்டம் முடிக்கும் பாட்டு. ஜெபம் நீண்டு போனால் அதை மரியாதையாக முடிக்க அது ஒன்றுதான் வழி. பாட்டில் ஜெபம் அமுங்கிவிடும். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சங்கத்தில் முதல் அடி எடுப்பவள் எப்போதும் அவள்தான்.

ஹில்டா அக்கா, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் ஜெபத்தின் மேல் பாடினாள்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் நிறுத்திவிட்டேன். அப்போது ஜெர்லின், "அக்கா, அவங்க ஜெபம் இன்னும் முடியல" என்றாள். சத்தமாகச் சொன்னாள். புதிதாக வந்த பெண், அந்தக் கூட்டத்தில் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. பாட்டு தடுமாறி நின்றது. நான் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் மேடம், இரண்டு பெண் போலீஸ். நான் எழுந்து பெனினாவின் கையைப் பிடித்தேன்.

"ஆமென்" என்றேன்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

மார்ச் 29, புதன்

மையத்தில் தங்கும் நாட்கள் முடிந்து, மேடம் ஏற்பாட்டில் ஒரு விடுதியில் இருக்கிறோம். காதையும் விரலையும் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார். பெனினா நேற்று இரண்டு இட்லி கூடக் கேட்டாள்.

மையத்தில் நம்பர் கேட்டு வாங்கி, மேடத்தின் போனுக்கு ஹில்டா அக்கா கூப்பிட்டாள். நான் வாங்கிப் பேசினேன்.

"மலரு, நல்லா இருக்கியாட்டி? பிள்ள சாப்பிடுதாளா?"

"அக்கா, ஒரு உதவி. என் விரல் வீங்கியிருந்தத அன்னைக்கு நீங்க பாத்தீங்க. பாத்தேன்னு எழுதிக் குடுங்க. மாஜிஸ்திரேட்கிட்ட குடுக்கணும்."



"எங்க வீட்டுக்காரவுககிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

என் ரகசியத்தை ஊருக்கே சொல்ல அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஏப்ரல் 5, புதன்

கோர்ட்டு. இவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். காரின் பின் கதவைத் திறந்து இறங்கினவள் ஹில்டா அக்கா.

இவர் நல்ல குடும்பத் தலைவர், வீட்டில் அடிதடி எதுவும் தான் கண்டதில்லை என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மேடம் எனக்குப் படித்துக் காட்டினார். கையெழுத்து அவளுடையதுதான். சங்கத்து ரசீதில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

ஜெர்லினும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தான் கண்டதைத் தன் கைப்பட எழுதிக் கொண்டுவந்திருந்தாள். "எங்க அத்த வையத்தான் செய்வாவ. வையட்டும்" என்றாள்.

மாஜிஸ்திரேட் பெண்தான். டாக்டர் எழுதியதைப் படித்தார், என் விரலைக் காட்டச் சொன்னார், பெனினாவிடம் தனியாகப் பேசினார். இடைக்கால உத்தரவு போட்டார். இவர் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும். என்னையும் பிள்ளையையும் நெருங்கக் கூடாது. பள்ளிக்கூட வாசலுக்கும் வரக் கூடாது.

வெளியே வந்து மேடத்திடம் கேட்டேன்: "அக்கா செஞ்சதுக்கு என்ன மனு போடணும் மேடம்?"

மேடம் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அதுக்கு மனு கிடையாதும்மா" என்றார்.

ஏப்ரல் 6, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். போலீஸ் முன்னிலையில் இவர் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தம் தம்பி வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பூட்டுக் கடைக்காரனைக் கூப்பிட்டுப் பூட்டுகளை மாற்றினேன். அன்றைக்குக் கழுவாமல் விட்ட சுண்டல் பாத்திரம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பால், அரிசி, பூட்டு: 1,210.

அவருக்காக ஜெபிக்க முயன்றேன். தட்டுத் தடுமாறியாவது வந்தது. அக்கா பெயரை எடுத்தால் அடுத்த வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் கேட்டைத் தட்டும் சத்தம். ஹில்டா அக்கா. கையில் தூக்குவாளி, பாயசமாக இருக்கும்.

"ஏட்டி மலரு, கதவத் தொறட்டி. என்மேல கோவமா இருக்கியா? அவரு வந்து கேக்கும்போது நான் எப்படி மாட்டேன்னு சொல்ல? சபைல ஒண்ணா இருக்கணும்லா. எனக்கும் ராத்திரி எல்லாம் ஒறக்கமில்ல."

கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் முகம் வாடித்தான் இருந்தது. தலைப்பேறில் என் பக்கத்தில் தரையில் படுத்தவள். கதவைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் மன்னித்துவிடுவேன்.

"அக்கா, எழுதிக் குடுத்தது பொய்யின்னு கோர்ட்டுல போய் எழுதிக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் கதவத் தொறக்கேன்."

"அது எப்படிட்டி? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு… ஒனக்காக ஒரு நாள் விடாம ஜெபிக்கேன், தெரியுமா?"

"ஜெபிங்கக்கா" என்றேன். "யாருகிட்டயும் சொல்லாம ஜெபிங்க."